கெட்டதுக்கு இரண்டாம் பட்டன்

“பணியாளர் எண் 4417. வெளிச் சக்திகளோடு கைகோத்து, நிறுவனத்தின் பன்னாட்டு வணிக உறவுகளைச் சீர்குலைக்கும் நோக்கத்துடன், நீண்ட காலத் திட்டத்தின் அடிப்படையில், மிக நுட்பமாகச் செயல்பட்டவர்.”

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணைக் கடிதத்தின் இரண்டாவது பத்தி இது. மேற்படி நுட்பக்காரருக்கு வயது ஐம்பத்தாறு. இடது முழங்காலில் வலி. ஒரு பெரிய பலசரக்குக் கடையில், வாசலை ஒட்டிய கவுண்டரில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று கொண்டுவரும் பொருள்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதே கவுண்டர். கடையில் எல்லாருக்கும் அவர் ரிட்டர்ன் அக்கா. நீண்ட காலத் திட்டம் என்று அவரிடம் இருந்ததெல்லாம், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்று அந்த முழங்காலை நீட்டி உட்கார வேண்டும் என்பது. பன்னாட்டு உறவு என்று தேடினால் அதுவும் ஒன்று அகப்பட்டது: தினமும் காலையில் அவர் ரொட்டியில் தடவிக்கொள்ளும் ஆப்பிள் ஜாம் வெளிநாட்டுச் சரக்கு. வெளிச் சக்தி விஷயத்தில் மட்டும் கடிதம் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய மகள் ஐந்து வாரமாகக் கடைக்கு வெளியில்தான் நின்றாள்.

கவுண்டர் என்றதும் பெரிதாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு ஆள் உட்காரும் அகலம். பின்னால் இரண்டு தொட்டிகள். பச்சைத் தொட்டியில் போட்டால் பொருள் மறுபடி அலமாரிக்குப் போகும். சிவப்புத் தொட்டியில் போட்டால் அழிக்கப்படும். முன்னால் ஒரு இயந்திரம், அதில் நான்கு பட்டன்கள். ஒன்று, உடைந்தது. இரண்டு, கெட்டது. மூன்று, மாறி வந்தது. நான்கு, மனம் மாறியது. பொருளைக் காட்டி, காரணத்தை அழுத்தினால்தான் பணப்பெட்டி திறக்கும். காரணம் இல்லாமல் அந்தப் பெட்டி யாருக்கும் திறந்ததில்லை.

மனிதர்கள் ஒரு பொருளை வேண்டாமென்பதற்கு உலகத்தில் நான்கு காரணங்கள்தான் உண்டு என்று யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் முடிவு செய்திருந்தார். இருபத்திரண்டு வருட அனுபவத்தில், அந்த யாரோ பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்பது அக்காவின் அபிப்பிராயம். சட்டை மாறி வரும், தட்டு உடையும், பால் கெடும், குடையை வாங்கிப் போனவருக்கு வெயிலைப் பார்த்ததும் மனம் மாறும். சாப்பாட்டுப் பொருளுக்கு மட்டும் நான்காம் பட்டன் செல்லாது. வீட்டில் அதை எங்கே வைத்தார்கள், யார் திறந்து முகர்ந்தார்கள் என்று கடைக்குத் தெரியாதல்லவா.

இந்த விஷயத்தில் அக்கா கறார். ஒருமுறை, பெட்டி பிரிக்காத பிறந்தநாள் கேக்கை ஒருவர் கொண்டுவந்து வைத்தார்.

“என்ன குறைங்க?”

“கேக் நல்லாத்தான் இருக்கு. அவ போயிட்டா. என் வாழ்க்கைதான் கெட்டுப்போச்சு.”

“வாழ்க்கைக்கு இங்க ரிட்டர்ன் இல்லீங்க,” என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கேக்கோடு திருப்பி அனுப்பினார். இரண்டாம் பட்டனை அழுத்தியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அழுத்தவில்லை. பின்னால் நடந்ததை எடைபோட இந்தக் கேக் உதவும். விசாரணையில் கேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சரி, ஜாமுக்கு வருவோம். அந்த ஜாம் வந்த நாடு, பக்கத்து நாட்டின் பள்ளத்தாக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு, அவர்கள் வைத்த ஆப்பிள் மரங்களைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தோப்புக்காரக் கம்பெனியோடு கடை ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்ட செய்தி வெளியே வந்ததும், நகரத்தில் ஒரு புறக்கணிப்புக் குழு உண்டாயிற்று. தலைவர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். செயலாளர், பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் ஒரு பெண், அதாவது அக்காவின் மகள். குழுவின் துண்டுப் பிரசுரம் சுருக்கமாக இருந்தது: வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

முதல் வாக்கியத்தை எழுதியவர்கள் அக்காவைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது யோசித்திருக்கலாம்.

முதல் நாள் முதல் ஆளாக வாத்தியாரே வந்தார். ஜாம் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தார்.

“என்ன குறைங்க ஐயா?”

“கெட்டது.”

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு. மூடிகூடத் திறக்கலையே.”

“ஜாம் நல்லாத்தாம்மா இருக்கும். விளைஞ்ச நிலம் பறிச்ச நிலம். வந்த வழி கெட்டது.”

“வந்த வழிக்கெல்லாம் இங்க பட்டன் இல்லீங்களே.”

“கெட்டதுன்னு ஒண்ணு இருக்கே, எனக்கு இங்கிருந்தே தெரியுது.”

“அது ஊசிப்போனதுக்கு ஐயா.”

“அப்படி எழுதலையேம்மா. கெட்டதுன்னுதானே எழுதியிருக்கு. முப்பத்து நாலு வருஷம் விடைத்தாள் திருத்தினவன் நான். எழுதினதுக்குத்தான் மார்க். எழுத நினைச்சதுக்கு மார்க் கிடையாது.”

அக்கா நான்காம் பட்டனை அழுத்திப் பார்த்தார். இயந்திரம் கத்தியது. உணவுப் பொருளுக்கு மனம் மாறுவதை அது ஏற்காது. வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர், பதினோரு பாட்டில். அவர்களுக்குப் பின்னால், நிஜமாகவே மாறி வந்த ஒரு சட்டையோடு ஒரு அம்மாள், தன் முறை என்றைக்கு வரும் என்று தெரியாமல்.

கிளை மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளருக்குக் கடையில் ‘பார்க்கலாம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுதான். அன்றைக்கு மட்டும், வாசலில் யாரோ போட்டோ எடுப்பதைப் பார்த்துவிட்டு, நாலு சொல் அதிகமாகப் பேசினார்.

“ஏதோ ஒண்ணைப் போட்டு அனுப்புங்கக்கா. வரிசை தெருவுக்குப் போயிடும்போல இருக்கு.”

“எதைப் போடட்டும் சார்?”

“அவங்க என்ன சொல்றாங்களோ அதை.”

“அவங்க கெட்டதுன்னு சொல்றாங்க சார்.”

“அப்புறம் என்ன.”

அக்கா இரண்டாம் பட்டனை அழுத்தினார். பெட்டி திறந்தது. இரண்டாம் பட்டன் என்றால் சிவப்புத் தொட்டி. முத்திரை உடையாத பாட்டில் அதில் போய் விழுந்தது. அடுத்தவர் வந்தார். “என்ன குறைங்க?” என்று அக்கா கேட்டார். கேட்காமலே அழுத்தியிருக்கலாம்தான். கேட்டுத்தான் அழுத்தினார்.

அன்று மாலை, சாப்பாட்டு அறையில் தொங்கிய ஆலோசனைப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டார். பணியாளர்கள் குறைகளையும் யோசனைகளையும் எழுதிப் போடுவதற்காக நிறுவனம் மாட்டியது அது. கையெழுத்து அழகாக இருக்கும் அக்காவுக்கு: “இயந்திரத்தில் ‘கெட்டது’ என்பது இரண்டு அர்த்தம் தருகிறது. ஐந்தாவதாக ‘வேறு காரணம்’ என்று ஒரு பட்டன் வைத்துத் தரவும். முடியாவிட்டால் ‘கெட்டது’ என்பதை ‘ஊசிப்போனது’ என்று மாற்றித் தரவும்.” கீழே தேதி போட்டார். மேலாளரிடமும் வாயால் சொன்னார். மேலாளர் என்ன சொன்னார் என்பதை எழுதத் தேவையில்லை.

புறக்கணிப்பு இரண்டாவது வாரத்தில் ஒரு விசித்திரமான கட்டத்தை அடைந்தது. ஜாம் விற்பனை கூடியது. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் பில் வேண்டும், பில் வேண்டுமென்றால் வாங்க வேண்டும். அந்த ஜாமை வாழ்க்கையில் தொட்டிராதவர்கள்கூட ஒரு முனையில் வரிசையில் நின்று வாங்கி, மறு முனையில் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தார்கள். விற்பனைப் பிரிவிலிருந்து கிளைக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

வெளியில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு வேறொரு தொல்லை. அந்தத் தெருவில் கழிப்பறை என்றிருந்தது கடைக்குள் மட்டும்தான், அதுவும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், சாவி அக்காவின் கவுண்டரில். கடையின் வாடிக்கையாளராக இருக்கக் கூடாது என்பதே அவர்கள் போராட்டம். போராட்டத்தின் மூன்றாம் நாளே மகள் கவுண்டருக்கு வந்தாள்.

“அம்மா, சாவியைக் குடு.”

“பில் இருக்கா?”

“அம்மா, விளையாடாத.”

“வாங்காதேன்னு நீதானே கத்திக்கிட்டு இருக்க. வாங்கினாத்தான் சாவி. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்.”

மகள் ஒரு தீப்பெட்டி வாங்கினாள். அடுத்த ஒரு வாரம் பதினைந்து பேர் அந்த ஒரே தீப்பெட்டி பில்லைக் காட்டிப் போய்வந்தார்கள். அக்கா பில்லில் தேதியைப் பார்க்கவில்லை. நிறுவனத்துக்கு எதிராக அவர் தெரிந்தே ஏதாவது செய்தார் என்றால் இது ஒன்றுதான். கடிதத்தில் இது இல்லை.

அக்காவுக்கு ஆத்திரமெல்லாம் சிவப்புத் தொட்டியின் மேல். தினமும் மூடி திறக்காத பாட்டில்கள் அதில் நிறைந்தன. சாயங்காலம் ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. பணியாளர்கள் அதிலிருந்து எடுத்தால் திருட்டு. பள்ளத்தாக்கை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் யாருக்கும் ஒரு கரண்டி ஜாம்கூடத் திரும்பிப் போகவில்லை. பிடித்தவன் ஏற்கெனவே விற்றாயிற்று. இடையில் அழிந்தது ஜாம். இதை அக்கா வீட்டில் சொன்னபோது, நகரப் பேருந்து ஓட்டும் அவர் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “நல்ல ஜாமைக் கெட்டதுன்னு எழுதிக் குப்பையில போடறீங்க. போன வாரம் கெட்ட மீனை நல்லதுன்னு எழுதி எனக்கு வித்தீங்க. உங்க கடையில எழுதத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

வீட்டிலும் ஒரு பாட்டில் இருந்தது. மகள் அதை அலமாரியில் கண்டுபிடித்த அன்று பெரிய சண்டை.

“வெளியில நான் தொண்டை கிழியக் கத்தறேன். உள்ளே நீ இதைத் தின்னுக்கிட்டு இருக்க. என்னை எல்லாரும் என்ன நினைப்பாங்க?”

“எல்லாரையும் நம்ம அலமாரிக்கு எதுக்குக் கூட்டிட்டு வர்ற?”

“அம்மா, அது திருட்டு நிலம்.”

“தெரியும்டி. நீ சொல்லித்தான் தெரியும். இது அதுக்கு முன்னாடி வாங்கினது. பாதி பாட்டில் இருக்கு. அதைக் கீழே கொட்டினா நிலம் திரும்பி வந்துடுமா?”

மகளிடம் பதில் இருந்தது, நீளமான பதில். வாங்குபவர் நிறுத்தினால் விற்பவர் யோசிப்பார், விற்பவர் யோசித்தால் பிடித்தவர் யோசிப்பார் என்று படிப்படியாக விளக்கினாள். அக்கா மறுக்கவில்லை. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லாமலும் இல்லை. புது பாட்டில் வாங்குவதை அவர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார், அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. மறுநாள் பார்த்தால், ஜாம் பேரில்லாத ஒரு கண்ணாடிக் குடுவையில் இருந்தது. கணவரின் வேலை.

“லேபிள் இல்லாத ஜாமுக்கு நாடு கிடையாது,” என்றார் அவர். “சாப்பிடுங்க ரெண்டு பேரும்.”

மகள் சாப்பிடவில்லை. அக்கா ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

இதற்கிடையில் தலைமை அலுவலகத்தின் கணினியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கிளையிலாவது ஒரு உணவுப் பொருளில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ‘கெட்டது’ என்று திரும்பி வந்தால், மக்கள் உடல்நலம் கருதி, எல்லாக் கிளைகளுக்கும் அந்தப் பொருளைத் தருவிப்பதை அது தானாகவே நிறுத்திவிடும். ஜாம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தொட்டிருந்தது. நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை கணினி நிறுத்தியது. யாரும் கையெழுத்துப் போடவில்லை, யாருக்கும் தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நிறுவனத்தின் தலைவர் பத்திரிகைகளை அழைத்து, “வணிகத்தில் அரசியலுக்கு இடமில்லை, எந்த நிர்ப்பந்தத்துக்கும் பணிய மாட்டோம்” என்று அறிவித்தார். அவர் பணிந்து அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது.

அலமாரி காலியானதும் குழு வெற்றி என்று அறிவித்தது. தோப்புக்காரக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது: அரசியலுக்காக நிறுத்தினீர்கள் என்றால் ஒப்பந்தத்தை மீறினீர்கள். கெட்டுப்போனதால் நிறுத்தினீர்கள் என்றால் எங்கள் ஜாமின் மேல் அவதூறு சொன்னீர்கள். எது என்று எழுத்தில் தெரிவிக்கவும். ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஜாம் தங்கமாக இருந்தது. ஆக, நிறுவனத்துக்கு மிச்சமிருந்தது ஒரே வழி: யாரோ ஒரு பணியாளர் தப்பாக அழுத்திவிட்டார்.

யாரோ ஒருவர் யார் என்று தேடும் சிரமத்தை வாத்தியார் வைக்கவில்லை. வெற்றிக் கூட்டத்தில் மகள் பெருமை தாங்காமல், “எல்லாத்தையும் கெட்டதுன்னு போட்டது எங்க அம்மாதான்” என்று சொல்லிவிட்டாள். மறுநாளே பிரசுரம் வந்தது: “கோட்டைக்குள் இருந்து கோட்டையைத் தகர்த்த தாய்.” அதில் ஒரு பிரதி தலைமை அலுவலகத்தின் ஆறாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்துதான் அந்த ‘வெளிச் சக்திகளோடு கைகோத்து’ பிறந்தது. பாராட்டையும் குற்றப்பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடைமொழிகள்தான் வேறு.

கடிதம் வந்த அன்று மகள் ஓரமாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் சும்மாதாம்மா சொன்னேன்.”

“நீ சும்மா சொன்னதை அவரு அச்சடிச்சுட்டாரு. வாத்தியாருங்ககிட்ட வாயைக் குடுக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துலயே கத்துக்கலையா?”

வாத்தியாரும் வீட்டுக்கு வந்தார். தர்மசங்கடத்தோடு வந்தார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் உற்சாகமாகவே வந்தார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. மனசாட்சிக்காகத்தான் செஞ்சேன்னு விசாரணையில சொல்லுங்க. நகரமே உங்க பின்னாடி நிக்கும்.”

“எனக்குப் பின்னாடி தொட்டிதான் ஐயா இருக்கு, ரெண்டு,” என்றார் அக்கா. “நீங்க சொன்னதை நான் போட்டேன். எழுதினதுக்குத்தான் மார்க்குன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப நான் எழுதாததுக்கு மார்க் போடறீங்க.”

வாத்தியார் தண்ணீர் குடித்தார்.

ஆறாம் மாடி அறையில் தரைவிரிப்பு, நீளமான மேசை, நான்கு தண்ணீர் பாட்டில்கள். மனிதவள அதிகாரி ஒரு அம்மாள். பக்கத்தில் நிறுவனத்தின் வக்கீல். ஜன்னலோரம் மேலாளர் ‘பார்க்கலாம்’. மேசையில் ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு தாள்: “போதிய அறியாமையின் காரணமாகத் தவறுதலாக அழுத்தினேன்.” போதிய அறியாமை என்றுதான் இருந்தது. அவசரத்தில் யாரோ அடித்தது.

“இதுல கையெழுத்துப் போட்டுட்டா எச்சரிக்கையோட முடிஞ்சிடும்,” என்றார் அதிகாரி, அன்பாகத்தான். “இல்லேன்னா கடிதத்துல இருக்கிற குற்றச்சாட்டுப்படி போகணும். ரெண்டு வருஷம்தான் இருக்கு உங்களுக்கு. யோசிங்க.”

அக்கா தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“நான் தவறுதலா அழுத்தலையே.”

“அப்ப வேணும்னே அழுத்தினீங்களா?” வக்கீல் பேனாவை எடுத்தார்.

“அவங்க கெட்டதுன்னு சொன்னாங்க. கெட்டதை அழுத்தினேன்.”

“எந்த அர்த்தத்துல சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் போட்டீங்க.”

“அந்த அர்த்தத்துக்குப் பட்டன் இல்லையே சார். வைக்கச் சொல்லி நாலு தடவை எழுதிப் போட்டேன். வரிசை தெருவுக்குப் போகுது, அவங்க சொல்றதைப் போடுங்கன்னு மேலாளர் சொன்னாரு.”

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். “அப்படிச் சொன்னீங்களா?”

பார்க்கலாம் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். “அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி மேடம். என்ன சொன்னேன்னு… பார்க்கணும்.”

பத்து வருடத்தில் அவர் ‘பார்க்கலாம்’ என்பதிலிருந்து ‘பார்க்கணும்’ என்பதற்கு நகர்ந்தது அதுதான் முதல் முறை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. “சார், என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிடுங்க,” என்றார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“எழுதிப் போட்டேன்னு சொன்னீங்களே, எங்கே?” என்றார் அதிகாரி.

“ஆலோசனைப் பெட்டியில.”

அந்தப் பெட்டியின் சாவி தொலைந்து எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா விடவில்லை. பெட்டியைக் கொண்டுவாருங்கள், திறந்துவிட்டுப் பேசுவோம் என்று உட்கார்ந்துகொண்டார். கிளையிலிருந்து பெட்டியைக் கழற்றி எடுத்துவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்தார்கள். உள்ளே மிட்டாய்க் காகிதங்கள், ஒரு ஒற்றைக் காதணி, ‘சாப்பாட்டு அறை மின்விசிறி சத்தம் போடுகிறது’ என்று ஒரு சீட்டு. அந்த மின்விசிறியைக் கழற்றி ஏழு வருடம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் நான்கு சீட்டுகள். முதலாவது முழுதாக. இரண்டாவது சுருக்கமாக. மூன்றாவது, “ஐந்தாவது பட்டன் பற்றி எழுதியிருந்தேன்.” நான்காவதில் ஒரே சொல், “பட்டன்?” நான்கிலும் தேதி இருந்தது.

அதிகாரியின் முகம் கொஞ்சம் மாறியது. அக்கா முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், முழங்காலை நீட்டிக்கொண்டார்.

வக்கீல் சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். “இதெல்லாம் பெறப்பட்டதா ஆகாதும்மா.”

“போட்டிருக்கேனே. உள்ளே இருக்கே.”

“போட்டது நீங்க. பெற்றுக்கொள்றது நாங்க. பெட்டியைத் திறந்தாத்தான் பெற்றுக்கிட்டதா ஆகும். இன்னிக்குத்தான் திறந்தோம். அப்ப சட்டப்படி நீங்க இன்னிக்குத்தான் கொடுத்திருக்கீங்க. சம்பவத்துக்கு அப்புறம்.”

இருபத்திரண்டு வருடமாக எதிரே நின்று கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர்கள் எல்லாரும், பேச்சில்லாமல் நிற்கும் கட்டம் ஒன்றுக்கு வருவார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அக்காவுக்கு அவர்கள் பக்கமிருந்து தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது கணவர் சொன்னார்: “பிரேக் போட்டா பஸ்ஸுக்குள்ள நின்னுக்கிட்டு இருக்கிறவன் திட்டுவான். போடலேன்னா குறுக்கே வர்றவன் திட்டுவான். எங்க ஆபீஸ்ல எத்தனை தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா? அறியாமைன்னு ஒரு வார்த்தைதானே. போட்டுட்டு வா.”

“அறியாமைன்னா, இருபத்திரெண்டு வருஷம் நான் அங்க என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?”

“வேலை போயிடும்மா.”

“தெரியும்.”

மகள் அன்றைக்குத் தானே எழுந்து ரொட்டி வாட்டினாள். குடுவையைத் திறந்து, அம்மாவுக்கு ஜாம் தடவிக் கொடுத்தாள். தனக்குத் தடவிக்கொள்ளவில்லை.

மறுநாள் அக்கா தட்டச்சுத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில், அதே அழகான கையெழுத்தில் தன் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தார். ஏழு வரி. அதில் மனசாட்சி இல்லை, அறியாமையும் இல்லை. வக்கீல் அதைப் படித்துவிட்டு, இதை எங்கேயும் காட்ட முடியாது என்றார். காட்டினால், கடையின் இயந்திரத்தில் காரணங்கள் போதவில்லை, பெட்டிக்குச் சாவி இல்லை, மேலாளருக்கு ஞாபகம் இல்லை என்பதையெல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டும். அதனால் அவரை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை. மன்னிக்கவும் மனமில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றினார்கள், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். முட்டைப் பிரிவு. அங்கே முட்டை உடைந்திருக்கும், அல்லது உடைந்திருக்காது.

தோப்புக்காரக் கம்பெனியோடு சமாதானம் ஆயிற்று. மூன்று மாதம் கழித்து அதே ஜாம் அலமாரிக்கு வந்தது, புதிய லேபிளோடு, ‘உள்நாட்டில் நிரப்பப்பட்டது’ என்று. அக்காவின் கணவர் அதைப் பார்த்துவிட்டு, தன் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்றார். மகள் குழுவில் அதைப் பற்றிப் பேச எழுந்தாள். குழு அப்போது ஒரு செருப்புக் கம்பெனியில் மும்முரமாக இருந்தது. ஜாம் ஏற்கெனவே வென்ற விஷயம், வென்றதை மறுபடி கிளறுவானேன் என்றார் வாத்தியார். பழைய கவுண்டரில் ஐந்தாவது பட்டனும் வந்துவிட்டது: ‘இதர. மேலாளர் அனுமதியுடன் மட்டும்.’ அனுமதி கேட்டால் மேலாளர் என்ன சொல்கிறார் என்று அங்கே புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

பிரசுரம் இன்னும் சில சுவர்களில் இருக்கிறது. கடிதம் கோப்பில் இருக்கிறது. இரண்டிலும் இல்லாதது, அந்த ஏழு வரியில் இருந்தது. ஐந்து வாரங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஜாம் பாட்டில்களை அவர் திரும்ப வாங்கினார். ஒவ்வொரு முறையும் என்ன குறை என்று கேட்டார். கெட்டது என்றார்கள். இரண்டாம் பட்டனை அழுத்தினார்.